மிச்சப் படம்

செவ்வாய்க்கிழமை மேட்னி.
சாவு குறைந்த வாரம் என்று
டில்லிதான் கிளப்பினான்.
ஐஸ்பெட்டி நாலும் ஷெட்டில் காலி.
மினி வேனை மிண்ட் பக்கம் ஓரங்கட்டிவிட்டு
நான், டில்லி, நாகூர் கனி,
லோடு தூக்கும் மகிமைதாஸ்.
வரிசையாக நாலு சீட்.

படத்தில் ஹீரோ யாரென்றே தெரியவில்லை.
ஒன்பது பேர். ஒருத்தருக்கும் தனிப்பாட்டு கிடையாது.
தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரி
ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துதான்
கதைக்குள் வருகிறார்கள்.
பல்வலி கான்ஸ்டபிள்,
சீட்டுப்பணம் பாக்கி வைத்த நர்ஸ்,
மறுநாள் கல்யாணம் உள்ள பையன்,
பிணம் கிடைத்த பிறகுதான் பேச்சுவார்த்தையே ஆரம்பித்த
மாவு மிஷின் அக்கா தங்கச்சி,
இன்னும் யார் யாரோ.

வட்டிக்காரர் செத்துக் கிடக்கிறார்.
ஒவ்வொருவரும் தான்தான் கொன்றதாகத்
தனித்தனியே நம்பி
தனித்தனியே ஒளிக்கிறார்கள்.
அக்கா மாவு டிரம்மில் மூடியதை
நர்ஸ் பீரோவில் பூட்ட,
பீரோ சீர்வரிசையில் ஏறி
கல்யாண மண்டபத்துக்கே போய்விடுகிறது.
தியேட்டர் கவிழ்ந்து சிரிக்கிறது.

எங்கள் வரிசை மட்டும்
வேறு வேறு இடத்தில் சிரித்தது.
"நாலு மணி நேரம் ஆன பாடி,
கை எப்புட்றா மடங்குது?" என்றான் மகிமை.
மண்டபத்தில் யாரோ ஐஸ்பெட்டியைச்
சின்ன பிளக்கில் செருகப் போக,
நாகூர் கனி எழுந்தே நின்றுவிட்டார்:
"ஃபீஸ் பூடும்யா!"
அடுத்த ஷாட்டில் மண்டபமே இருண்டது.
முன்சீட்டுக்காரர் திரும்பி,
"முன்னாடியே பாத்துட்டீங்களா?" என்றார்.
"தெனமும்" என்றேன்.

அந்த இருட்டில்
ஒன்பது பேரும் முதல்முறையாக ஒரே அறையில்.
யார் காலை யார் பிடித்து
மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று தெரியாத நேரம்,
என் போன் துடித்தது.

"பெட்டி வேணும். கொருக்குப்பேட்டை.
கேட்டுக்கு அந்தாண்ட."
எத்தினியாவது மாடி, எப்ப ஆச்சு,
கரண்ட் பாயிண்ட் எங்க என்று
நான் கிசுகிசுக்க,
பின்வரிசை அதற்கும் சிரித்தது.
அவருக்கும் கேட்டிருக்கும்.
அப்பா போய் அரை மணி நேரம்,
காதில் நானூறு பேர் சிரிப்பு.
"டிவி ஓடுது சார்" என்றேன்.

கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி முடிகிற மாதிரி இல்லை.
வேனுக்குள் கொலைகாரனைத் தேடினோம்.
மகிமை நர்ஸ் என்றான். டில்லி கான்ஸ்டபிள்.
நாகூர் கனி வாகனில்தான் குறியாக இருந்தார்.
"அம்பத்தெட்டு."

ஹவுசிங் போர்டு, ரெண்டாவது மாடி.
முனை திரும்பும்போது பெட்டியைச் சாய்த்து,
மூச்சைப் பிடித்து,
செருப்புகளைக் காலால் ஒதுக்கி உள்ளே போனோம்.
ரசீது எழுதக் குனிந்தேன்.
போன் கவருக்குள் சொருகியிருந்த டிக்கெட்டை
மகன் பார்த்துவிட்டார்.

"டிவின்னு சொன்னீங்க?"

எனக்கு நாக்கு எழவில்லை.
"ஞாயித்துக்கெழமை அப்பாவ அதுக்குத்தான் இட்டுனு போனேன்.
பாதியில தூங்கிட்டாரு.
வழியெல்லாம் முடிவு கேட்டுனே வந்தாரு."
கொஞ்சம் நிறுத்தி,
"நீங்க முழுசா பாத்தீங்களா?"
இல்லை என்று தலையாட்டினேன்.

பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்
அவர் பக்கத்தில் குனிந்தார்.
"யாரும் கொல்லலக்கா.
பல்செட்டு. தூக்கத்துல தொண்டையில மாட்டிக்கிச்சு."

அதோடு விட்டிருக்கலாம்.
இரண்டு பேரும் ஒரே சமயம் நிமிர்ந்தோம்.
ஜன்னல் விளிம்பில், எவர்சில்வர் டம்ளரில்,
பெரியவருடைய பல்செட்
தண்ணீருக்குள் பத்திரமாக
இளித்துக்கொண்டிருந்தது.

முதலில் அவர்தான்.
வாயைப் பொத்தியும் தோள் குலுங்கியது.
எனக்கு முந்தானை உதவியது.
கண்ணில் நீர் கொட்டியது,
அது எந்தக் கணக்கு என்று
அப்போது பிரிக்க முடியவில்லை.

வெற்றிலை வாயோடு ஒரு அம்மாள் வந்து
என் முதுகைத் தட்டினாள்.
"போதும்மா, போதும்.
ஒனக்கு இன்னா மொற இவரு?"

வாசலிலிருந்து டில்லி கத்தினான்:
"அக்கா, இங்க சின்ன பிளக்குதான் இருக்குது!"